ஹாலில் எவ்வளவு தரை மிச்சம்?

 

புதுக்குடித்தனம் வந்த இருவர் சேர்ந்து வாங்கும் முதல் பெரிய பொருள் பல வீடுகளில் சோஃபாதான். ஃபிரிட்ஜுக்கு லிட்டர் கணக்கு உண்டு, வாஷிங் மெஷினுக்குக் கிலோ கணக்கு உண்டு. சோஃபாவுக்கு அப்படி எதுவும் கிடையாது, போய் உட்கார்ந்து பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்து ஞாயிற்றுக்கிழமை மாலை கிளம்புகிறார்கள். கடையில் ஒருவருக்குப் பிடித்தது மற்றவருக்குப் பிடிக்கவில்லை. சாம்பல் நிறமா பழுப்பு நிறமா என்று தொடங்கிய பேச்சு, வீடு திரும்பும்போது இருவரும் பேசாமல் வருவதில் முடிகிறது. நிறம் அங்கே சாக்குதான். ஒருவர் சோஃபாவில் படுத்து டிவி பார்க்க நினைக்கிறார். மற்றவர் சம்மணமிட்டு உட்கார்ந்து லேப்டாப்பில் வேலை செய்ய நினைக்கிறார். இதை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்லாத அந்த விஷயம்தான் கடையில் நிறமாக வெளியே வருகிறது.

ஆகவே கடைக்கு முன்னால் வீட்டைப் பார்ப்போம். சென்னையில் 750 சதுர அடி வீட்டில் ஹால் 10க்கு 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 150 சதுர அடி. மூன்று பேர் உட்காரும் சோஃபா 7 அடி நீளம், 3 அடி அகலம் என்றால் அது பிடிக்கும் இடம் 21 சதுர அடி. கேட்பதற்குக் குறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்னால் கால் வைக்க ஒன்றரை அடி வேண்டும். அதற்கு முன்னால் 2 அடி அகலத்தில் ஒரு டீப்பாய். இப்போது கணக்கு 7 அடிக்கு ஆறரை அடி. நாற்பத்தைந்து சதுர அடிக்கு மேல், அதாவது ஹாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. கடைகளில் வழக்கமாக விற்கும் ‘த்ரீ ப்ளஸ் ஒன் ப்ளஸ் ஒன்’ செட்டை வாங்கினால், இரண்டு ஒற்றை இருக்கைகளும் சேர்ந்து ஹாலில் பாதியை நெருங்கிவிடும்.

என் கருத்து இதுதான்: சின்ன வீட்டுக்குச் சோஃபா தேடும் இருவர் முதலில் ஒத்துப்போக வேண்டியது, ஹாலில் எவ்வளவு தரை வெறுமையாக இருக்க வேண்டும் என்பதில். அது முடிவானால் சோஃபாவின் அளவு தானாக முடிவாகிவிடும்.

நம் வீடுகளில் தரை சும்மா கிடப்பதில்லை. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் இரவில் பாய் விரிப்பது ஹாலில்தான். நவராத்திரிக்கு ஐந்து படி கொலு வைக்கிற வீடு என்றால் ஒரு சுவர் பத்து நாளைக்கு வேண்டும். ஐப்பசி மழையில் துணி உலர்த்தும் ஸ்டாண்ட் உள்ளே வரும். குழந்தை தவழ ஆரம்பித்தால் மொத்தத் தரையும் அதற்குச் சொந்தம். யாராவது தினமும் யோகா செய்பவராக இருக்கலாம், தையல் மெஷினைப் பிரித்து வைப்பவராக இருக்கலாம். 14.2 கிலோ எரிவாயு சிலிண்டரை உருட்டிக்கொண்டு வாசலிலிருந்து சமையலறைக்குப் போக ஒரு பாதை வேண்டும். ஆள் நடக்க இரண்டரை அடியாவது விடுங்கள், 3 அடி கிடைத்தால் நல்லது.

இதை இருவரும் தனித்தனித் தாளில் எழுதுங்கள். ஹாலில் நான் என்ன செய்கிறேன், எந்த நேரத்தில், எப்படி உட்கார்கிறேன்? வருஷத்தில் எத்தனை நாள் விருந்தாளி தங்குகிறார்? எழுதி முடித்த பிறகு தாள்களை மாற்றிக்கொள்ளுங்கள். பேசும்போது குரல் பெரிதாக இருப்பவரின் விருப்பம் முன்னால் வந்துவிடும். எழுதினால் இரண்டு பேருடைய விருப்பமும் ஒரே அளவில் இருக்கும். மாமியார் முழங்கால் வலிக்காரர், மைத்துனன் மாதம் இரண்டு நாள் தங்குவான் என்பதெல்லாம் இந்தத் தாளில்தான் வெளிவரும்.

அடுத்தது, பழைய செய்தித்தாள். வாங்க நினைக்கும் அளவுக்குத் தாள்களை ஒட்டித் தரையில் விரியுங்கள். டீப்பாய்க்கும் ஒரு தாள். சில நாள் அதைச் சுற்றி நடந்து பாருங்கள். பால்கனிக் கதவு திறக்கும்போது இடிக்கிறதா, செருப்பு ஸ்டாண்டுக்கு வழி இருக்கிறதா, போன் சார்ஜ் போடும் பிளக் முதுகுக்குப் பின்னால் மறைந்துவிடுகிறதா என்று தெரியும். மின்விசிறியையும் நிமிர்ந்து பாருங்கள். ஹாலின் நடுவில் விசிறி, சுவரோரம் சோஃபா என்றால், சித்திரை வெயிலில் காற்று வரும் இடம் நடுத்தரைதான். எல்லோரும் இறங்கி அங்கே உட்காருவார்கள். மேற்குப் பார்த்த ஜன்னல் என்றால் மாலை வெயில் நேராக விழும் துணி சீக்கிரம் வெளுக்கும். இதெல்லாம் கடையில் தெரியவே தெரியாது. அங்கே கூரை உயரம், வெளிச்சம் அதிகம், சுற்றிலும் இடம். 7 அடி சோஃபாவும் அங்கே சின்னதாகத்தான் தோன்றும்.

இனி, அது வீட்டுக்குள் எப்படி வரும் என்று பார்க்க வேண்டும். அடுக்குமாடி வீட்டில் இதை மறந்தால் சோஃபா வாசலிலேயே நின்றுவிடும். ஆறு பேர் ஏறும் லிஃப்டில் 408 கிலோ என்று எழுதியிருக்கும். எடை பிரச்சினையே இல்லை, கூண்டின் அளவுதான் பிரச்சினை. உள்ளே சுமார் மூன்றரை அடிக்கு மூன்றேகால் அடி, கதவு அதைவிடக் குறுகல், உயரம் ஏறத்தாழ 7 அடி. முழு நீளச் சோஃபாவை நிமிர்த்தி வைத்தாலும் நுழையாமல் போகலாம். அப்புறம் படிக்கட்டு. படி திரும்பும் இடத்தில் கைப்பிடிக்கும் சுவருக்கும் இடையே எவ்வளவு இருக்கிறது என்று டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

வாசலிலும் ஒரு கணக்கு உண்டு. நிலை மூன்றரை அடி என்பார்கள். நிலைச் சட்டம் போக, கதவின் கனம் போக, திறந்த கதவுக்கும் எதிர்ச் சட்டத்துக்கும் இடையே மிஞ்சுவதுதான் உண்மையான வழி. வெளியே கிரில் கேட் இருந்தால் அது இன்னும் குறையும். சோஃபாவில் அளக்க வேண்டியது இது: முதுகின் உச்சியிலிருந்து கைப்பிடியின் முன்முனை வரை ஒரு நேரான குச்சியைச் சாய்வாக வையுங்கள். பின்பக்கத்து அடி மூலையிலிருந்து அந்தக் குச்சிக்கு நேர்குத்தாக எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். சோஃபாவைச் செங்குத்தாக நிறுத்தித் திருப்பி நுழைக்கும்போது வாசல் கேட்பது இந்த அளவைத்தான். இது வழியைவிட ஓர் அங்குலமாவது குறைவாக இருந்தால் நுழையும். கால்களைக் கழற்ற முடியுமா, முதுகைக் கழற்ற முடியுமா என்றும் கேளுங்கள். முடியும் என்றால் பாதிக் கவலை தீர்ந்தது.

இப்போது உடம்புக்கு வருவோம். சோஃபாவின் நீளத்தை எல்லோரும் கேட்கிறார்கள். முக்கியமான அளவு, உட்காரும் பகுதியின் ஆழம். முன் விளிம்பிலிருந்து முதுகுத் திண்டு வரையுள்ள தூரம் அது. 20 முதல் 22 அங்குலம் இருந்தால் நிமிர்ந்து உட்கார வசதி. 24 அங்குலத்தைத் தாண்டினால் சாய்ந்து, காலை மேலே தூக்கிவைத்து உட்கார்வதற்கானது. ஐந்தடி உயரமுள்ளவர் ஆழமான சோஃபாவில் முதுகைச் சாய்த்தால் பாதம் தரையில் படாது. பாதம் படும்படி முன்னால் வந்தால் முதுகுக்குத் தாங்கல் இருக்காது. ஆறடி உயரமுள்ளவருக்கு ஆழம் குறைந்தால் தொடையில் பாதி அந்தரத்தில் நிற்கும். கணவன் மனைவிக்கு இடையே உயர வித்தியாசம் உள்ள வீடுகளில் இந்த ஓர் அளவுதான் ‘வசதியாக இருக்கிறது’, ‘வசதியாக இல்லை’ என்ற வாதத்துக்கு அடிக்கடி காரணம். சோதிக்க எளிய வழி இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு முதுகை முழுக்கச் சாய்த்து உட்காருங்கள். பாதம் தரையில் பதிய வேண்டும். முழங்காலின் பின்பக்கத்துக்கும் விளிம்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் போக வேண்டும். உயரம் குறைந்தவருக்குச் சரியாக இருப்பதை வாங்காதீர்கள் என்றோ வாங்குங்கள் என்றோ விதி கிடையாது. ஆனால் ஆழமானதை வாங்கினால் குட்டையானவருக்கு முதுகில் வைக்க ஒரு தலையணை போதும். ஆழம் குறைந்ததை நெட்டையானவருக்கு நீட்டித்தர வழியில்லை.

உட்காரும் உயரம் 17, 18 அங்குலம் இருந்தால் பெரும்பாலோருக்குச் சரி. பார்க்க அழகாக இருக்கிறதென்று தாழ்வான சோஃபாவை வாங்கும் வீடுகளில், முழங்கால் வலியுள்ள அம்மா எழுந்திருக்க ஒவ்வொரு முறையும் யாராவது கை கொடுக்க வேண்டியிருக்கும். வீட்டுக்கு வந்து போகும் பெரியவர்களையும் நினைவில் வைத்து உயரத்தை முடிவு செய்யுங்கள். மெத்தை உட்கார்ந்ததும் எவ்வளவு அமுங்குகிறது என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

கைப்பிடியின் அகலத்தையும் கவனியுங்கள். ஒரு ஆள் வசதியாக உட்கார 22 அங்குலம் போதும். இருபுறமும் பத்துப் பத்து அங்குலத்துக்குத் திண்டு வைத்த கைப்பிடி என்றால், ஏறக்குறைய ஒரு ஆளின் இடம் யாரும் உட்காராத பகுதிக்குப் போகிறது. நான்கு அங்குலக் கைப்பிடி உள்ள ஆறடிச் சோஃபாவில், அகலக் கைப்பிடி வைத்த ஏழடிச் சோஃபாவில் உட்காருமளவு பேர் உட்காரலாம். சின்ன ஹாலில் அந்த ஓரடிதான் நடைபாதை.

உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. காசு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. முதலில் சட்டம். தேக்கு நீடித்து உழைக்கும், விலையும் அதிகம். பதப்படுத்திய வேம்பு, ரப்பர் மரம் எல்லாம் நன்றாகவே தாங்கும். பதப்படுத்தாத மட்ட மரம் என்றால் சில மாதங்களில் சோஃபாவுக்கு அடியில் மாவு மாதிரி தூள் உதிரும். உள்ளே வண்டு துளைக்கிறது என்று அர்த்தம். பிளைவுட் என்றால் ஐ.எஸ். 303 முத்திரையும், அதில் ஈரம் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். ரகமா என்பதும் கேளுங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த பலகை தண்ணீர் பட்டால் ஊதிவிடும், அதன்பின் ஆணி பிடிக்காது. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்த வேளச்சேரி, முடிச்சூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். தரைத்தளத்தில் இருப்பவர்கள் ஆறங்குலக் காலுடன் கெட்டி மரச் சட்டம் உள்ளதை வாங்குவது நல்லது. மாடியில் இருப்பவர்களுக்கும் கால் உயரம் உபகாரம்தான். துடைப்பம் அடிவரை போகும், கரப்பான் குடியேறாது, தரை கண்ணுக்குத் தெரிவதால் ஹாலும் விரிந்து தோன்றும்.

சட்டத்தைச் சோதிக்க, முன்கால் ஒன்றைப் பிடித்து அரையடி தூக்குங்கள். இன்னொரு முன்காலும் கூடவே எழுந்தால் சட்டம் விறைப்பாக இருக்கிறது. அது தரையிலேயே நின்றால் சட்டம் முறுக்கிக்கொள்கிறது, அந்தச் சோஃபா வேண்டாம்.

அடுத்தது ஃபோம். கடைக்காரர் ‘32 டென்சிட்டி’, ‘40 டென்சிட்டி’ என்பார். ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ எடை என்பதுதான் அந்த எண். எடை கூடினால் உள்ளே பொருள் கூடுதல், சீக்கிரம் பள்ளம் விழாது. உட்காரும் பகுதிக்கு 32க்குக் குறையாமல் கேளுங்கள், 40 கிடைத்தால் இன்னும் நல்லது. முதுகுக்கு அவ்வளவு வேண்டாம். டென்சிட்டி வேறு, கெட்டித்தன்மை வேறு என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 40 டென்சிட்டியிலேயே மெத்தென்றும் உண்டு, விறைப்பாகவும் உண்டு. ‘எங்களுடையது 100 டென்சிட்டி’ என்று யாராவது சொன்னால் அது ரீபாண்டட் ஃபோமா என்று கேளுங்கள். கழிவு ஃபோம் துண்டுகளை நொறுக்கிப் பசை சேர்த்து அழுத்திச் செய்வது அது. எடை அதிகம், கல் போலக் கெட்டி. அடி அடுக்காக இருந்தால் தவறில்லை. மேலே நல்ல ஃபோம் எத்தனை அங்குலம் என்பதுதான் கேள்வி. ஃபோமுக்குக் கீழே வளைந்து வளைந்து போகும் ஜிக்ஜாக் ஸ்பிரிங் இருக்கிறதா, எலாஸ்டிக் பட்டைதானா என்றும் பாருங்கள். பட்டை என்றால் நெருக்கமாகப் பின்னியிருக்க வேண்டும்.

மேல்துணியில் நம் ஊர் வெயிலையும் வியர்வையையும் கணக்கில் எடுங்கள். தோல் மாதிரி இருக்கும் லெதரெட் துடைக்க எளிது, கடையில் பளபளப்பாகவும் இருக்கும். ஆனால் அதன் மேலுள்ள மலிவான பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சைக் காற்றின் ஈரம் மெல்ல மெல்லச் சிதைக்கும். சில வருஷத்தில் செதில் செதிலாக உரிந்து முதுகில் ஒட்டும். கடலோரப் புழுக்கத்தில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். வெல்வெட், ஷெனீல் இரண்டும் அழகு, மே மாதத்தில் சூடு. கெட்டியான பருத்தி அல்லது பருத்தி கலந்த துணி உடம்புக்கு இதம். எதுவானாலும் ஜிப் வைத்துக் கழற்றித் துவைக்கும்படி இருக்கட்டும். தலைக்கு எண்ணெய் வைக்கும் வீட்டில் முதுகுத் திண்டின் மேல்பகுதிதான் முதலில் அழுக்காகும். அதற்கு மட்டும் தனியாக ஓர் உறை தைத்துக்கொள்ளலாம். துணியின் சாம்பிளைக் கேட்டு வாங்கி வந்து, உங்கள் ஹாலின் பகல் வெளிச்சத்திலும் இரவு டியூப்லைட்டிலும் பாருங்கள்.

எந்த வகை வாங்குவது? எல் வடிவச் சோஃபா சின்ன ஹாலில் ஒரு மூலையை நன்றாகப் பயன்படுத்தும். படுப்பவருக்கும் உட்காருபவருக்கும் ஒரே நேரத்தில் இடம் தரும். சொந்த வீடு என்றால் தாராளமாக யோசிக்கலாம். வாடகை வீட்டில் யோசித்துச் செய்யுங்கள்: இடப்பக்கம் நீளும் எல், அடுத்த வீட்டில் வாசலை மறிக்கலாம். நீளும் பகுதியை இருபுறமும் மாற்றி வைக்க முடிந்தால் வாங்கலாம். சோஃபா கம் பெட் என்பது தினமும் யாராவது ஹாலில் தூங்கும் வீட்டுக்கு உதவும். வருஷத்தில் சில நாள் விருந்தாளிக்காக என்றால் அதன் கனமும் விலையும் வீண். நல்ல கோரைப்பாயும் ஒரு மெத்தையும் போதும். பழைய திவானை யாரும் இப்போது நினைப்பதில்லை. ஆறடிக்கு இரண்டரை அடி, பகலில் திண்டு வைத்து உட்காரலாம், இரவில் ஒருவர் படுக்கலாம், அடியில் டிராயர் வைத்தால் போர்வை எல்லாம் உள்ளே போய்விடும். சம்மணமிட்டு உட்கார்பவருக்கு அதைவிட நல்ல ஆசனம் இல்லை. இரண்டே பேர் இருக்கும் வீட்டுக்கு, இரண்டு பேர் சோஃபா ஒன்றும் எளிதில் நகர்த்தக்கூடிய இரண்டு மோடாவும் என்ற ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. விருந்தாளி வந்தால் மோடா வரும், போனால் மூலைக்குப் போகும், தரை உங்களுக்கே திரும்பக் கிடைக்கும்.

கடையில் உங்கள் அளவுக்குக் கிடைக்கவில்லையென்றால் செய்யச் சொல்லலாம். சோஃபா செய்யும் பட்டறைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. 66 அங்குலம் நீளம், 21 அங்குலம் ஆழம், நான்கு அங்குலக் கைப்பிடி என்று எழுதிக் கொடுத்தால் அப்படியே செய்து தருவார்கள். இதில் இன்னொரு நன்மை, துணி போர்த்துவதற்கு முன்னால் சட்டத்தையும் ஃபோமையும் நேரில் போய்ப் பார்க்கலாம். சட்டம் நல்லதாக இருந்தால் ஃபோமும் துணியும் தேய்ந்த பிறகு அவற்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சோஃபா இன்னொரு ஆயுள் வாழும்.

ஒன்று விட்டுப்போகக் கூடாது. பல குடும்பங்களில் சோஃபா சீர்வரிசையோடு வருகிறது. பெண் வீட்டார் ஆசையாக, வீட்டைப் பார்க்கும் முன்பே பெரிய செட்டை வாங்கிவிடுகிறார்கள். அது அன்பு, அதை மறுப்பது சங்கடம். அதனால் முன்கூட்டியே சொல்லுங்கள். ‘மாமா, ஹால் பத்தடிதான், நாங்கள் அளந்து வைத்திருக்கிறோம், கூடவே வந்து தேர்ந்தெடுத்துக் கொடுங்கள்’ என்று மருமகனே கேட்டால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள். வாங்கிய பிறகு சொன்னால்தான் வருத்தம். அதேபோல், குடிவந்த மாதமே ஹால் நிறைந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வருகிறவர்கள் ‘இன்னும் சோஃபா வாங்கவில்லையா’ என்று கேட்பார்கள். கேட்கட்டும். அந்த ஹாலில் எங்கே காற்று வருகிறது, யார் எங்கே உட்கார்கிறார்கள் என்பது சில மாதம் வாழ்ந்த பிறகுதான் உங்களுக்கே தெரியும்.

வரிசையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன். முதலில் தரை, பிறகு வாசலும் லிஃப்டும், அடுத்து இருவரின் உடம்பு, அதற்கப்புறம் சட்டமும் ஃபோமும், கடைசியில் துணி. கடைக்குள் நுழையும்போது நீளம், ஆழம், உயரம், டென்சிட்டி என்று நான்கு எண்கள் இருவர் கையிலும் ஒரே மாதிரி இருந்தால், அங்கே பேச மிச்சம் இருப்பது நிறம் ஒன்றுதான். அதில் யார் விட்டுக்கொடுத்தாலும் வீட்டில் யாருக்கும் முதுகு வலிக்காது.